அம்புக்குறியை இழுத்தது யார்?

லேப்டாப்பைத் திறந்து கால் மணி நேரம் ஆகியும் அது கொட்டாவி விட்டுக்கொண்டேதான் இருந்தது. வரைபடக்காரர் அதன் முதுகில் லேசாக ஒரு தட்டு தட்டினார். உள்ளே மின்விசிறி கரகரவென்று இருமியது.

அவர் லிஃப்ட் கம்பெனியில் படம் வரைபவர். முந்தின நாள் படியில் வழுக்கிக் கால் சுளுக்கிக்கொண்டது. விழுந்தவர் சும்மா விழுந்தாரா? கம்பெனி கொடுத்த புது லேப்டாப் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்குள் ஏழு மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் படத்தை அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் வேலை, ஆபீஸில் எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடும் பக்கத்து மேஜைக்காரன் கைக்குப் போய்விடும், கூடவே பதவி உயர்வும் போய்விடும். அவசரம் வரைந்த லிஃப்டுக்கு ஒருமுறை கதவே இல்லை. அப்பேர்ப்பட்ட ஆளிடம் தோற்பதா?

படம் இருப்பதோ ஆபீஸ் கம்ப்யூட்டரில். அதனால்தான் அலமாரி மேலிருந்த இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு இன்று மறுவாழ்வு.

"மச்சான், இதுலேருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள எப்படிப் போறது?"

மைத்துனன் இரவு வேலை முடித்துவிட்டு உள்ளறையில் படுத்திருந்தான். போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "எல்லாம் ஏற்கெனவே செட் பண்ணியிருக்கு மாமா. நடுவுல இருக்கிற பட்டனை அமுக்குங்க, போதும். என்னைத் தூங்க விடுங்க."

அமுக்கினார். திரை கறுப்பானது, வெளுத்தது, பிறகு எல்லாமே சாம்பல் நிறத்தில் கலங்கலாகத் தெரிந்தது. ஒரு எழுத்தையும் படிக்க முடியவில்லை. ஆனால் பின்னணியில் அவரும் மனைவியும் நிற்கும் போட்டோ தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. இரண்டு பேரும் கண்ணை மூடாமல் நிற்கும் ஒரே போட்டோ அதுதான்; ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் வைத்திருந்ததும் அதைத்தான்.

"அப்பாடா, வந்துட்டோம்!"

காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். "என்கிட்ட சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லையா?" என்றாள். "கதவைச் சாத்திட்டுப் போ" என்றார். அவள் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருந்தது. கால் போன கவலையில் இருப்பவனிடம் ஏன் கோபம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அம்புக்குறியை இடப்பக்கம் நகர்த்தினார். அது வலப்பக்கம் போனது.

மறுபடி இடப்பக்கம் இழுத்தார். அது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடியது. வரைபடக்காரர் கையை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார். அம்புக்குறி தானாக ஒரு வட்டம் போட்டது.

"அடப்பாவி! யாரோ என் நாற்காலியில உட்கார்ந்திருக்கான்!"

யாராக இருக்கும்? அவசரமா? போட்டிக் கம்பெனி ஒற்றனா? பயத்தைவிட, அது யார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அந்த ஆள் ஏதோ பெரிய அட்டவணை திறந்து வைத்திருந்தான். இவர் அதைப் பட்டென்று மூடினார். சேமிக்கவா என்று கேட்டது போலிருந்தது. வேண்டாம் என்பது எப்போதும் வலப்பக்கம்தானே என்று ஒரு குத்து மதிப்பில் அமுக்கினார்.

அம்புக்குறி திரை முழுக்கப் பதறி ஓடியது. பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, பெரிய பெரிய எழுத்தில் வந்தது: "யார் நீ?"

"நீ யார்? இது என் கம்ப்யூட்டர்" என்று இவர் தட்டினார்.

"இது என்னோடது."

எப்படி இருக்கிறது கதை! இதற்குள் தன் படத்தைத் தேடினார். அந்தக் கலங்கலில் ஏழு மாடியும் இல்லை, லிஃப்டும் இல்லை. உடனே மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், திருடன் புகுந்துட்டான்! ஏழு மாடியையும் தூக்கிட்டுப் போயிட்டான்!"

"என்னய்யா சொல்றே? இரு, எல்லாத்தையும் அணைச்சுடறேன்!"

போனில் ஓடும் சத்தம், கூச்சல், ஒரு 'டக்'.

"மெயின் சுவிட்சையே அணைச்சாச்சு. ஆபீஸே இருட்டா இருக்கு. அவசரம் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்தறான். திருடன் போயிட்டானா?"

வரைபடக்காரர் திரையைப் பார்த்தார். அம்புக்குறி ஜம்மென்று நடந்துகொண்டிருந்தது.

"சார்... இன்னும் இருக்கான்."

"கரன்ட்டே இல்லாமலா?" மேனேஜர் குரல் இறங்கிவிட்டது. "யாருன்னு கேளுய்யா. எனக்கும் தெரிஞ்சாகணும்."

வரைபடக்காரருக்கு முதுகில் வியர்த்தது. ஆனாலும் விடவில்லை. "உன் கம்ப்யூட்டர்னா, போட்டோவுல இருக்கிற ஆளோட சட்டையைப் பத்திச் சொல்லு பார்ப்போம்" என்று தட்டினார்.

"நீலம். இடது கக்கத்துல கிழிசல். கறுப்பு நூல்ல தெச்சிருக்கு."

அவருக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. அந்தக் கிழிசல் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"இப்ப நான் கேக்கறேன். பக்கத்துல நிக்கிற பொண்ணோட பிறந்த நாள் என்னிக்கு?"

இது என்ன கேள்வி? யோசித்து யோசித்து, "மழைக்காலத்துல" என்று தட்டினார்.

"வெயில் காலமா?" என்று சேர்த்தார்.

அம்புக்குறி அசையாமல் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது: "சரி. புரிஞ்சுடுச்சு."

திரை அணைந்தது. வரைபடக்காரர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் போனில், "யாருய்யா? யாராம்?" என்று தவித்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

உள்ளறையில் இன்னொரு போன் அடித்தது. மைத்துனன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்காதான் மாமா. நீங்க அவ பழைய லேப்டாப்லேருந்து அவ ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போய் உட்கார்ந்திருக்கீங்களாம். பிறந்த நாள் தெரியாம முழிச்சப்பதான் அது நீங்கன்னு உறுதியாச்சாம். சாயங்காலம் கேக்கை அவளே வாங்கிட்டு வந்துடறாளாம்."