கும்மாளத்துக்குச் சத்தம் வரவில்லை

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் சீரும் சிறப்புமாக இருக்கும் அன்பு மைத்துனர் மணிகண்டராஜுக்கு, சாத்தூரிலிருந்து அத்தான் சங்கரலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா முருகம்மாள், மருமகள் கீர்த்திகா, நான் மூவரும் நலம். லேப்டாப் மட்டும் நலமில்லை. போன் போட்டால் எப்போதும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கூரியர்காரரிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

இந்த சீசனுக்கு நம் கம்பெனியில் 'கும்மாளம்' என்று ஒரு வானவெடி போட்டிருக்கிறோம். மேலே போய்ப் பல நிறத்தில் விரியும். விரியும்போது போடுகிற சத்தத்தில் ஏழாயிரம்பண்ணை ஊர் நாய்கள் அத்தனையும் சாத்தூர்ப் பக்கம் ஓடிவந்துவிடும். அந்தச் சத்தம்தான் சரக்கே. கையில் இருந்ததையெல்லாம் அதில்தான் போட்டிருக்கிறேன். நாக்பூர் சேட் ஆர்டர் கொடுக்காவிட்டால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். அவரோ பட்டப்பகலில் வந்து சாயங்கால ரயிலுக்கே திரும்புகிற ஆள். பகலில் வானவெடி விட்டால் புகைதான் தெரியும். அதனால் கல்யாண வீடியோ எடுப்பவரை வைத்து முன்பே படம் எடுத்து, கீர்த்திகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தேன்.

அது பாடம் படிக்கக் கொடுத்த பெட்டி, மாப்பிள்ளை; பாடத்தைத் தவிர வேறொன்றும் காட்ட மாட்டேன் என்கிறது. சேட் வருவதற்கு முன் காலையில் படத்தைத் தட்டிப் பார்த்தால், படத்தை ஓட்டுகிற பிளக்-இன் இல்லை, ஏற்றட்டுமா என்று கேட்டது. ஏற்று என்றேன். உடனே லைசென்ஸ் என்று தலைப்புப் போட்டு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் வந்து நின்றது. பட்டாசுக்காரன் வீட்டில் லைசென்ஸ் என்பது விளையாட்டா? "எல்லாரும் படிக்காமத்தான்ப்பா ஓகே குடுப்பாக" என்றாள் கீர்த்திகா. நம் போர்மேன் ராக்கப்பன் விடவில்லை. "மொதலாளி, உள்ள எத்தன பேர் உக்காரலாம்னு போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க. ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருந்தா நம்ம பட்டாசு லைசென்ஸ் மாதிரி ரத்து பண்ணிருவாக" என்று, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டாரை எல்லாம் வெளியே தள்ளி, லேப்டாப்புக்கு அருகில் ஒரு வாளி மணலும் கொண்டுவந்து வைத்தான். லைசென்ஸ் முழுவதையும் கீர்த்திகாவைப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டேன். எந்தச் சேதத்துக்கும் தாங்கள் பொறுப்பில்லை என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறார்கள்! நாம் கம்பெனி வாசலில் அப்படி எழுதி மாட்டினால் விடுவார்களா? வயிற்றெரிச்சலோடு ஓகே கொடுத்தேன்.

அதோடு விட்டதா? பிளக்-இன்னில் மூன்று வகையாம். நல்லது, கெட்டது, அவலட்சணம். நான் இட்டுக்கட்டவில்லை, அப்படித்தான் பெயரே இருந்தது. "கல்யாணத்துக்கு நிக்கப்போற பிள்ளையோட பெட்டியில கெட்டதும் அவலட்சணமும் எதுக்கு? நல்லத மட்டும் போடுங்க" என்று உங்கள் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அது சும்மா பேருதாம்மா, அதுவும் இருந்தாத்தான் படம் முழுசா ஓடும்" என்று பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். யார் கேட்டோம்?

மதியம் சேட் வந்தார். படம் வந்தது. நிறம் என்ன, அழகு என்ன! சத்தம் மட்டும் இல்லை. நான் லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பார்க்கையில், ராக்கப்பன் விசுவாசத்தில், "டமார்! டமார்!" என்று வாயாலேயே போட ஆரம்பித்தான். அதுவும் வெடி விரிந்து அணைந்த பிறகு. "ஏலே, நிறுத்துலே" என்று அதட்டினேன். சேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தியில் என்னவோ சொல்லிக் கும்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பரம்பரையாக வெடி போடுகிறவன் ஊமை வெடியைக் காட்டி மானம் போய் நிற்கிறேன்.

ஆகையால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து அந்தக் கெட்டதையும் அவலட்சணத்தையும் உங்கள் கையாலேயே ஏற்றித் தரவேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாக்பூருக்கே போய், சேட்டின் காது கிழியப் போட்டுக் காட்டி ஆர்டரோடுதான் திரும்புவேன்.

தங்கச்சிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. இருக்கன்குடி மாரியம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். மீட்டிங்கை மட்டும் கொஞ்சம் குறைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்
சங்கரலிங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சிவகாசி ஏஜென்ட் மாரிசாமி போன் போட்டார். "அண்ணாச்சி, சேட்டுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அவுக பக்கம் வெடிச் சத்தத்துக்கு ஏகக் கெடுபிடியாம். அம்புட்டுப் பெரிய வெடி, சத்தமே இல்லையேன்னு அசந்துட்டாரு. சத்தம் வேணுங்கிறவக வாயால போட்டுக்கிடலாம்னு உங்க போர்மேன் செஞ்சு காட்டுனது இன்னும் பிரமாதமாம். இருக்கிற சரக்கு அத்தனையும் லோடு ஏத்தச் சொல்லிட்டாரு" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் அக்கா போனைப் பிடுங்கி, "சரிண்ணே, ஏத்திருவோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனவே நீங்கள் வரவேண்டாம், லேப்டாப்பைத் தொடவும் வேண்டாம். வெடியிலிருந்து சத்தத்தை மட்டும் எடுக்கிற பிளக்-இன் ஏதாவது உங்கள் கம்பெனியில் இருந்தால் உடனே அனுப்பிவையுங்கள்.