எங்கள் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

ஒழுங்கான மனிதர்கள் தவறு செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். அதில் ஒரு கட்டம்கூட நிரப்பாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

நான் பள்ளி ஆய்வக உதவியாளர். அமிலக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பழக்கத்தில் வீட்டுச் சுவிட்சுகளுக்கும் ஒட்டியிருக்கிறேன். (‘மோர்’ என்று சீட்டு ஒட்டிய பாத்திரத்தில் என் மனைவி பிலோமினா வேண்டுமென்றே ரசம் ஊற்றி வைப்பாள்.)

கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் குமுளிக்குப் போகும். ஒதுங்க இடம் தெரியாமல் சாமிமார்கள் திராட்சைத் தோட்டத்து ஓரம் நிற்பார்கள். கூட வரும் வயதான பெண்கள் பாடு இன்னும் மோசம். அதனால் சாலையோரக் கழிப்பறைகளையெல்லாம் தன்னார்வலர்கள் கணக்கெடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் திறந்த தரவாகப் போடுவது என்று பேரூராட்சி முடிவு செய்தது. நல்ல காரியம். எங்கள் ஊருக்கு நான் பொறுப்பு.

மற்ற தன்னார்வலர்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் பாதிக் கட்டங்களைக் காலியாக விட்டார்கள். எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரிப் பதிவு போட்டேன். கைக்கு எட்டிய கழிப்பறை என் வீட்டுடையதுதானே? தண்ணீர்: உண்டு. தாழ்ப்பாள்: உறுதியானது. சோப்பு: உண்டு. நேரம்: எப்போதும். கட்டணம்: இல்லை. தூய்மை: ஐந்து நட்சத்திரம். (பிலோமினா அன்று காலைதான் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தாள். உண்மையை எழுத என்ன கூச்சம்?) வாளிகளை உயர வரிசையில் நிறுத்திப் படமும் சேர்த்தேன். ‘இது வெறும் மாதிரி’ என்று சொல்ல மட்டும் கட்டம் இல்லை. அதனால் சொல்லவில்லை. பட்டியலோடு அதுவும் வெளியாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்கக் கெங்குவார்பட்டியில் இருந்து வருகிறார்கள். பையன் ஜெரால்டும் அவளும் ஒரே அலுவலகம். இருவருக்கும் சம்மதம். பையனின் அம்மா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. “அவுக ரொம்பச் சுத்தம் பாப்பாகப்பா” என்று ஜெனிட்டா ஒரு வாரமாக மிரட்டியிருந்தாள்.

அன்று காலை பட்டுச் சட்டையோடு கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு வேன். குருசாமி ஒருவர் கைபேசியையும் என் வீட்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுதான சாமி? உள்ள போலாமா?”

“எங்க சாமி?” என்றேன், மாதா படத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

திரையைக் காட்டினார். என் வாளிகள்.

பிலோமினா எட்டிப் பார்த்தாள். வேனிலிருந்து ஒரு வயதான அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “ஐயோ பாவம், உள்ள விடுங்க. இந்த ஒரு வண்டிதான?” என்றாள் பிலோமினா.

ஒரு வண்டி இல்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. பட்டியலைப் பராமரிக்கும் பிரவீணாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“நம்ம பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன் சார். ஆனா வழி காட்டுற ஆப்காரங்க எல்லாம் முந்தியே எடுத்துப் போட்டுட்டாக. யாரு வேணா எடுத்துக்கலாம், அதான் இதோட பெருமைன்னு கூட்டத்துல நீங்கதான சார் பேசுனீக?”

பேசியிருந்தேன். கைதட்டல்கூட வாங்கியிருந்தேன்.

தொட்டியில் தண்ணீர் இறங்கியது. ஒவ்வொருவர் வெளியே வந்ததும் நான் துடைப்பத்தோடு உள்ளே ஓடினேன். ஐந்து நட்சத்திரம் என்று எழுதிவிட்டோமே! கதவுக்குப் பின்னால் பட்டுச் சேலையில் நின்ற ஜெனிட்டாவுக்கு அழுகை முட்டியது. “அப்பா, உங்க ஒழுங்கால என் கல்யாணமே நிக்கப் போகுது.”

வெளிக்கதவு வரை வரிசை நின்றபோது மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்தது. பையனின் அம்மா இறங்கினார். கறுப்பு வேட்டி வரிசையைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“வாங்க சாமி” என்றேன். (காலையில் இருந்து அதுவே வாயில் ஒட்டியிருந்தது.)

அவர் மெல்ல அருகே வந்தார்.

“அண்ணே, இது பாத்ரூம் வரிசையா?”

“ஆமா... தப்பா நெனைக்காதீக...”

“அப்ப நானும் நிக்கிறேன். பாதி வழியில இருந்து அடக்கிக்கிட்டு வாரேன். மூணு எடத்துல நிப்பாட்டுனாக. ஒண்ணு பூட்டு, ஒண்ணுல தண்ணியில்ல, ஒண்ணுக்குக் கதவே இல்ல.”

வரிசையில் முதலில் நின்ற இன்னொரு வயதான அம்மாள் தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். நாங்கள் எல்லோரும், சாமிமார்கள் உட்பட, அந்தக் கதவையே பார்த்து நின்றோம். வெளியே வந்தவரின் முகம் தெளிந்திருந்தது.

“ஜெரால்டு, எனக்குப் பொண்ணு புடிச்சிருக்கு.”

“இன்னும் பாக்கவே இல்லையேம்மா?”

“ஊர்ப்பட்ட சனத்துக்குத் தொறந்து விட்டும் இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காக. இதுக்கு மேல என்னத்தடா பாக்க? சரி, வரச் சொல்லு, பாப்போம்.”

பிலோமினா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் குருசாமி கூட்டம் சரணம் சொல்லிப் புறப்பட்டது. ஜெனிட்டா காபியோடு வந்தாள், அழுத கண்ணோடு, சிரித்துக்கொண்டு.

செயலிகளில் எங்கள் வீட்டுக்குக் கீழே சாமிமார்கள் எழுதிய கருத்துகள் குவிந்தன: “பேருந்து நிலையத்தில் பூட்டியிருக்கிறது. இந்த வீட்டில் உதவினார்கள். காபி அருமை.” யாரும் படிக்கலாம் என்பதால் அதிகாரிகளும் படித்தார்கள். நாங்கள் பலமுறை மனுக் கொடுத்தும் திறக்காத அந்தப் பூட்டு அதே மாதம் திறந்தது. தண்ணீர் இணைப்பும் வந்தது. இப்போது எங்கள் ஊர்ப் பட்டியலில் பெண்களுக்கென்று தனி இடமும் இருக்கிறது.

ஒரே ஒரு பழைய செயலி மட்டும் எங்கள் வீட்டை இன்னும் விடவில்லை. அதனால் சம்பந்தியம்மா கெங்குவார்பட்டியில் இருந்து கிளம்பும் முன் போன் செய்தால், என் உடம்பைப் பற்றியோ பிலோமினாவின் மூட்டுவலியைப் பற்றியோ கேட்பதில்லை.

“அண்ணே, இன்னைக்கு எத்தன வண்டி நிக்கிது?”

நானும் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.