நூறு வருஷத் திட்டமும் ஆறடிச் சந்தும்

நகரத் திட்ட நூற்றாண்டு விழாவுக்கு வேலை செய்ய யார் முன்வருகிறீர்கள் என்று ஆணையர் அம்மா கூட்டத்தில் கேட்டபோது, முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் எதற்குமே முன்வராத ஸ்கேல் சார் கையைத் தூக்கினார். அவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்து நாற்காலி சர்வேயர் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தார்.

நகராட்சி அலுவலகத்தில் ஸ்கேல் சாருக்கு வரைபடம் போடும் வேலை. சட்டைப் பையிலிருந்து எப்போதும் ஒரு ஸ்கேல் எட்டிப் பார்க்கும். பெயர் அப்படித்தான் வந்தது. குனிந்து குனிந்து நேர்கோடு போட்டதில் முதுகு மட்டும் வளைகோடாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் படுக்கத் தோன்றும். படுத்தால் மனைவிக்கு ஏதாவது ஞாபகம் வரும். ஆபீஸில் திட்டம், வீட்டில் திட்டு என்று சர்வேயரிடம் சொல்லிக்கொள்வார். சிரிக்காமல்தான் சொல்வார். சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

அப்படிப்பட்டவர் கையைத் தூக்கியதற்குக் காரணம் ஒரு சந்து.

அவர் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி, முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குப் போகும் ஆறடி அகலச் சந்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீட்டை வாங்கியபோதே இரண்டு பக்கமும் தகரக் கதவு போட்டு அடைத்திருந்தார்கள். அடைத்த இடம் சும்மா கிடக்கலாமா என்று ஸ்கேல் சார் நிரப்ப ஆரம்பித்தார். சக்கரம் இல்லாத மூன்று சைக்கிள், கால் இல்லாத கட்டில், உயிர் போன வாஷிங் மெஷின், கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள். எல்லாம் ஒருநாள் உதவும் என்பது அவர் கட்சி. நடுவில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அதில் போய் விழுவார். இந்த உலகத்தில் யாரும் அவரை எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

மனைவியின் தையல் கடை பின்தெருவில், சரியாக அந்தச் சந்தின் வாயில் இருந்தது. சந்து திறந்திருந்தால் சமையல்கட்டிலிருந்து கடைக்கு நாற்பது அடி. அடைத்திருந்ததால் தெருமுனை வரை போய், பெட்ரோல் பங்க்கைச் சுற்றி, பின்தெரு முழுக்க நடந்து வர வேண்டும். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் நான்கு நடை. பதினோரு வருஷம். நல்ல வார்த்தையில் கேட்டுப் பார்த்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் ஸ்கேல் சார் நிம்மதியாகத் தூங்கினார் என்று தெரிந்ததும் அந்த முறையைக் கைவிட்டாள்.

கடைசியில் ஒருநாள், கழுத்தில் அளவு நாடா தொங்க, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சந்தைச் சந்தையாவே மாத்திட்டீங்க. இன்னும் விலை போட்டு விக்கிறது ஒண்ணுதான் பாக்கி. ஆறு வாரம் டைம் தர்றேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் போடுங்க."

மறுநாள்தான் அந்தக் கூட்டம். விழா, ஆறு வாரம் கழித்து. ஞாயிறுதோறும் குழு கூடும் என்று ஆணையர் சொன்ன கணமே ஸ்கேல் சாரின் கை தானாக மேலே போயிற்று.

"நான் என்ன பண்ணட்டும்? நூறு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற விழா," என்றார் அன்று மாலை மனைவியிடம், முகத்தை முடிந்த அளவு சோகமாக வைத்துக்கொண்டு.

"அப்ப சந்து?"

"விழா முடியட்டும்."

"முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் பாக்கலாம்."

மனைவி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். ஜெயித்துவிட்டோம் என்று ஸ்கேல் சார் நினைத்தார்.

குழு என்றால் டீ, பிஸ்கட், நடுவில் சின்னதாக ஒரு தூக்கம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஆணையர் அம்மா, தான் சொன்னதை மறுநாளும் ஞாபகம் வைத்திருக்கும் ரகம். நகர மண்டபத்தில் ஒரு வாரக் கண்காட்சி, பூங்காவில் ஓவியப் போட்டி, சொற்பொழிவு, கடைசி நாள் ஞாயிறு காலை ஊர் ஜனங்களோடு பழைய திட்டத்தின் வழியே ஒரு நடை. முன்வந்தவர் ஒருவர் இருக்கும்போது பின்னால் நிற்பவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று எல்லாமே ஸ்கேல் சார் தலையில் வந்து விழுந்தது. ஒரு சந்தைக் காலி செய்யும் வேலையிலிருந்து தப்பிக்க அவர் ஒரு ஊரையே தூக்கிச் சுமந்தார். மாலையில் திட்டத்தின் நகலைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பூங்காக்களுக்குப் புதிதாகப் பச்சை பூசுவார். பூசியபடியே அதன் மேல் சாய்ந்து தூங்கிவிடுவார். ஒருநாள் எழுந்தபோது கன்னத்தில் வடக்குப் பூங்கா முழுசாகப் பதிந்திருந்தது.

அப்படி ஒரு மாலையில் டீயைக் கொண்டுவந்த மனைவி, டம்ளர் வைக்க இடம் தேடிப் படத்தைப் பார்த்தாள்.

"இந்தச் சிவப்புப் புள்ளிக்கோடு என்னங்க? எங்க தொழில்ல புள்ளிக்கோடு போட்டா மடிச்சுத் தைக்கணும்."

ஸ்கேல் சார் கண்ணைத் திறக்காமலே சொற்பொழிவுக்கு எழுதி வைத்திருந்ததை ஒப்பித்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் படத்தைப் போட்ட மனிதர், பக்கத்துத் தெருவுக்குப் போக யாரும் வீணாகச் சுற்றக் கூடாது என்று நினைத்தார். அதனால் எட்டு வீட்டுக்கு ஒரு நடைச்சந்து வைத்தார். ஆறடி அகலம். பொதுவழி.

"அதை யாராவது அடைச்சு வெச்சா?"

"அடைச்சவன் மனுஷனே இல்லை," என்றார் தூக்கக் கலக்கத்தில்.

மனைவி தங்கள் தெருவைத் தேடிப் பிடித்து வீடுகளை விரலால் எண்ணினாள். எல்லாத் தெருவிலும் எட்டு வீட்டுக்கு ஒரு புள்ளிக்கோடு இருந்தது. தங்கள் தெருவில் பதினாறு வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டாள்.

ஸ்கேல் சார் கண்ணைத் திறந்தார். "அந்தக் காலத்து ஆளு. மறந்திருப்பாரு."

மறந்தது அந்தக் காலத்து ஆள் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், வீடு வாங்கிய அதே வருஷம், மூலப்படம் நைந்துபோகிறது என்று நகல் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேல் சார்தான் எடுத்தார். அதில் ஒரு சந்து விடுபட்டது. விடுபட்டதா, விடப்பட்டதா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதன்பிறகு மூலப்படம் தகரக் குழாய்க்குள் போய்ப் பதிவறையில் படுத்துவிட்டது. அதற்குக் கிடைத்த ஓய்வை நினைத்து அவர் பலமுறை பொறாமைப்பட்டதுண்டு.

இப்போது ஆணையர் அதை வெளியே எடுத்துக் கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டச் சொன்னார். ஸ்கேல் சார்தான் மாட்டினார். தங்கள் தெரு வரும் மூலைக்கு நேர் எதிரே, ஆள் உயரச் செடியோடு ஒரு தொட்டியைத் தானே தூக்கி வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

கண்காட்சியின் இரண்டாம் நாள் மதியம் மனைவி கடையைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போனது அவருக்குத் தெரியாது. அன்று மாலை குப்புறப் படுத்திருந்தவரின் முதுகில் தைலம் தேய்த்தபடி, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். குனிந்து வரைந்ததில் பிடித்துக்கொண்டது என்றார்.

"தொட்டி தூக்கினா அப்படித்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

எந்தத் தொட்டி என்று கேட்க நினைத்தார். அதற்குள் தூங்கிவிட்டார்.

கடைசி ஞாயிறு. காலை ஆறு மணிக்கு ஸ்கேல் சார் வீட்டை விட்டுக் கிளம்பினார். மொத்தம் எட்டு இடம், மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தேய வேண்டும் என்று அவரே நீட்டி முழக்கிப் போட்ட வழி. அறுபது பேர் வந்திருந்தார்கள். முதல் இடத்தில், பழைய தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், எழுதி வந்ததைப் படித்தார். மூன்றாவது இடத்தில் ஒரு நடைச்சந்தை யாரோ மரப்பெட்டி அடுக்கி மறித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். தன் வசதிக்காகச் சந்தை அடைக்கிறவன் ஊரின் தொண்டையை அடைக்கிறவன் என்றார். கைதட்டினார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அவருக்காக யாரும் கைதட்டியதில்லை. அந்தச் சத்தம் இரண்டு டீ குடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் குரல் ஏறியது. ஏழாவது இடத்துக்கு வரும்போது சந்து அடைத்தவர்களுக்கு ஸ்கேல் சாரின் ஊரில் குடிதண்ணீர்கூட இல்லை.

எட்டாவது இடம் பூங்கா. நன்றி சொல்லி முடித்தார். இனி வீடு, குளியல், சாப்பாடு, சாய்வு நாற்காலி. மனசு ஏற்கனவே போய்ப் படுத்துவிட்டது. உடம்பு மட்டும் பின்னால் போக வேண்டும்.

அப்போது ஆணையர் அம்மா புன்னகையோடு பக்கத்தில் வந்தார். "ஒன்பதாவது இடம் ஒண்ணு இருக்காமே. நீங்க கூச்சப்பட்டுச் சொல்லமாட்டீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. வாங்க, போகலாம்."

கூட்டம் நடந்தது. பெட்ரோல் பங்க் வந்ததும் ஸ்கேல் சார் மெல்லப் பின்வரிசைக்கு நழுவினார். தன் தெருவுக்குள் திரும்பியதும் ஆணையர் அவரை மறுபடி முன்னால் அழைத்துக்கொண்டார்.

தகரக் கதவு இல்லை. உள்ளே சைக்கிள் இல்லை, கட்டில் இல்லை, கூரை இல்லை. கூட்டிக் கழுவிய ஆறடிச் சந்து நேராகப் பின்தெரு வரை ஓடியது. அந்தக் கோடியில் தையல் கடைப் பலகை வெயிலில் தெரிந்தது. இந்தக் கோடியில் குறுக்கே ஒரு சிவப்பு நாடா. பக்கத்தில் மனைவி, தட்டில் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு. பழைய சாமான்காரர்கள் ஆறரைக்கே வண்டியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மணி நேரம் அவர்களுக்குத் தாராளமாகப் போதுமாயிருந்தது.

ஆணையர் பேசினார். யாரும் கேட்காமலே தன் வீட்டுப் பக்கத்துச் சந்தை ஊருக்குத் திறந்துவிடும் ஓர் ஊழியரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அந்தச் சத்தத்தின் மறைவில் ஸ்கேல் சார் மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

"என் நாற்காலி எங்க?"

"கடையில போட்டுட்டேன். அளவு குடுக்க வர்றவங்க உக்காரட்டும்."

"இது நல்லா இல்லை. நான் எப்ப இதுக்கு..."

"பழைய படத்துல இருக்கிற கோடு புதுப் படத்துல எப்படிக் காணாமப் போச்சுன்னு கமிஷனர் கேட்டாங்க," என்றாள் மனைவி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே.

ஸ்கேல் சார் அவள் பக்கம் குனிந்தார். "நீ என்ன சொன்னே?"

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சதே நீங்கதான்னு சொன்னேன். சந்தைத் திறக்கிறதும் உங்க யோசனைதான்னு சொன்னேன். வெட்டுங்க, எல்லாரும் நிக்கிறாங்க."

வெட்டினார். படம் எடுத்தார்கள். அறுபது பேரும் சந்து வழியே போய்ப் பின்தெருவில் ஏறினார்கள். இரண்டு பேர் அங்கேயே ரவிக்கைக்கு அளவு கொடுத்தார்கள்.

மதியம் மனைவி கடையைச் சாத்திவிட்டு வந்தாள். வந்தது என்று சொல்லும்படிகூட இல்லை. அங்கே பூட்டுச் சத்தம் கேட்டது, இங்கே நிற்கிறாள். முகத்தில் வேர்வை இல்லை. தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஸ்கேல் சார் யோசித்தார். பதில் சங்கடமாக இருந்ததால் யோசிப்பதை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். போனால் போகட்டும் என்று தோன்றியது. ஆறு வார அலுப்பு மொத்தமும் கண்ணிமைக்கு வந்து சேர்ந்தது. கூடத்தில் தரையிலேயே தலையணையைப் போட்டுச் சாய்ந்தார்.

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல இன்னும் பதினேழு சந்து அடைஞ்சு கிடக்காம். இனிமே ஞாயித்துக்கிழமைல அவருக்கு ஏதாவது வேலை இருக்கான்னு கமிஷனர் கேட்டாங்க. ஒண்ணும் இல்லை, சும்மாதான் படுத்திருப்பாருன்னு சொல்லிட்டேன்."