கியர் பெட்டியில் குங்குமம்

"வண்டி மலை ஏறாததுக்கும் உங்க தங்கச்சிக்கும் என்னுங்க சம்பந்தம்?"

"சாமி சொல்லிப்போட்டாரு. வெள்ளிக்கெழம வண்டியில ஏறுன பொம்பளையோட கண்ணாம்."

"வெள்ளிக்கெழம நானுந்தான ஏறுனேன்?"

"நீ பின்னால உக்காந்தே. அவ முன்னால உக்காந்தா. கியருக்குப் பக்கத்துல."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வனிதாவின் காதில் இது முழுக்க விழுந்தது. விழாமல் இருக்க வழியில்லை. அவள் அண்ணன் தனபால் ரகசியம் பேசினால் நல்லேப்பிள்ளி ஊரில் பாதி வயலுக்குக் கேட்கும். அண்ணி நர்மதா விடாமல் மல்லுக்கு நின்றாள். கடைசியில் அண்ணன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை சாமியிடம் இரண்டாம் பூசை. வனிதா வந்து கூட்டத்துக்கு முன்னால் சாமி காலில் விழ வேண்டும். அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் வேறு எங்காவது போய் இருக்க வேண்டும்.

புருஷன் வீடு வேண்டாம் என்று மூன்று வருஷத்துக்கு முன் வந்தவள் வனிதா. 'வேறு எங்காவது' என்று அவளுக்கு ஒரு இடம் கிடையாது. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரிய பிக்கப், ஆட்டோமேட்டிக் கியர். மூணாறு, மறையூர்ப் பக்கம் வழியில் படுத்துவிடும் சுற்றுலாக் கார்களைப் பின்னால் கட்டி இழுத்து வருவதுதான் தனபாலின் தொழில். வாங்கிய அன்று வண்டியோடு கொடுத்த கையேட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் புதுப் பொட்டு வைத்தான். பிரித்துப் படித்தது மட்டும் இல்லை. ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் தானாக நடக்கும், எண்ணெய் உட்பட, என்பது அவன் நம்பிக்கை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் அந்த நம்பிக்கையிலேயே ஓட்டினான்.

பிறகு ஒருநாள் மறையூர் ஏற்றத்தில், பின்னால் ஒரு காரைக் கட்டியிருந்த நேரத்தில், எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். தனபால் கியர் சாமியிடம் போனான்.

கியர் சாமிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் மோகனசுந்தரம். சாமி ஆவதற்கு முன் எங்கோ ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார் என்பார்கள். மூடிக் கிடந்த ஒரு லாரி எடை மேடையைப் பிடித்து, சுற்றிலும் காய்கறித் தோட்டத்துக்குக் கட்டும் பச்சை வலையைக் கட்டி, ஆசிரமம் ஆக்கிவிட்டார். மேடைக்கு அடியில் ஆள் நிற்கும் குழி. அதற்கு 'பாதாள பீடம்' என்று பெயர். செவ்வாய், வெள்ளிகளில் வண்டிகள் மெயின் ரோடு வரைக்கும் நிற்கும். காந்தலூரிலிருந்து பூண்டு ஏற்றிய ஜீப், டிராக்டர், கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாலை போட்ட கார் கூட. வண்டிக்கு ஜாதகம் எழுதிக் கொடுப்பார். லக்னம், ஷோரூமை விட்டு வெளியே வந்த நேரம்.

ஆனால் கூட்டத்தை மயக்கியது வெள்ளைத் துணி. ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால், கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைப்பார். கறுப்பு. "பாத்தீங்களா, கண்ணு" என்பார். வலையை இழுத்து மூடுவார்கள். மணி, மேளம், மைக்கில் மந்திரம், சாம்பிராணிப் புகை. முக்கால் மணி நேரம். திறந்து மறுபடி துடைத்தால் துணி சிவப்பு. குங்குமச் சிவப்பு. பெண்கள் குலவை போடுவார்கள், ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆயுசு முழுக்க சாதாக் கியர் வண்டி ஓட்டிய ஊர் அது. சிவப்பாக ஒரு எண்ணெயை அவர்கள் கண்டதே இல்லை.

முதல் பூசைக்குப் பிறகு தனபாலின் வண்டி மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. நான்காவது வாரம் அதே ஏற்றத்தில், அதே அலறல். சாமி கண்ணை மூடிப் பார்த்து, வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தார்.

மறுநாள் வனிதா பக்கத்து ஊரான சித்தூருக்கு வேலைக்குப் போனாள். வேலை பார்ப்பது நபீஸா நடத்தும் வண்டி உதிரிபாகக் கடையில். மனசு வேலையில் இல்லை. சந்தனம் என்ற ஒரு ஆள் வந்து வாரா வாரம் வாங்கும் நான்கு பெட்டி ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயைக் கேட்டான். எடுத்து வைக்கும்போது ஒரு டப்பா ஒழுகி, வனிதாவின் விரலெல்லாம் சிவப்பு. விரலைப் பார்த்தாள். சந்தனத்தின் நெற்றியைப் பார்த்தாள். கியர் சாமி பூசும் அதே மஞ்சள் பட்டை.

"நபீஸாக்கா, இந்த எண்ணெய் எப்பவுமே சிவப்பாங்க?"

நபீஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனிக்காரனே சாயம் போட்டுத்தான் விடுகிறான், ஒழுகினால் எஞ்சின் எண்ணெய் இல்லை என்று தெரிவதற்காக என்றாள். சூட்டில் வெந்தால் கறுக்கும். பாரம் இழுக்கும் வண்டியில் இன்னும் சீக்கிரம் வேகும். "உங்க அண்ணன் வண்டில மாத்தி எத்தன நாளாச்சு?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் வனிதா கையேட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். காய்ந்த குங்குமம் மடியில் கொட்டியது. பாரம் இழுக்கும் வண்டியானால் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டுப் பெண்களை மாற்றவும் என்று எங்கேயும் இல்லை.

இதை அப்படியே அண்ணனிடம் காட்டியிருந்தால் 'சாமிக்குத் தெரியாததா புஸ்தகத்துக்குத் தெரியும்' என்பான். அதனால் வெள்ளிக்கிழமை காலை, தனபால் பல் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், வனிதா பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்தாள். கையில் நர்மதாவின் நீல நகப்பாலிஷ். கியர் பெட்டிக்கு அடியில் பழைய எண்ணெயை இறக்கும் போல்ட்டின் தலையிலிருந்து பெட்டி வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். ஃபோனில் படம் எடுத்தாள். வாசலில் காவல் நின்றவள் நர்மதாதான்.

எடை மேடையில் அன்று நல்ல கூட்டம். வனிதா பணிவாகக் கைகட்டி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பூசையில கியர் பெட்டியத் தொடுவீங்களா சாமி?"

சாமி மைக்கிலேயே பதில் சொன்னார். "இரும்பத் தொட்டா மந்திரம் எறங்கிரும் அம்மிணி. கை படாது. நாக்கு மட்டுந்தான்."

வலை மூடியது. மணி அடித்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் துணி சிவந்தது. குலவை. சாமி காலை நீட்டினார்.

"கால்ல உழுகறனுங்க" என்றாள் வனிதா. "அதுக்கு முன்னால எங்கண்ணன் வண்டிக்கடியில ஒருக்காப் பாக்கட்டும்." ஃபோனைத் தனபால் கையில் கொடுத்தாள். காலையில் செய்ததைச் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

குனிந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் தனபால் போனான். முழுசாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். வெகுநேரம் அவன் செருப்புக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. பெட்டியில் இருந்த பாதிக் கோடு ஒரு பக்கம், போல்ட்டில் இருந்த பாதிக் கோடு இன்னொரு பக்கம். அவன் எதை வேண்டுமானாலும் நம்புவான், ஆனால் வண்டிக்காரன். போல்ட் தானாகத் திரும்பாது என்பது தெரியும். அடியிலிருந்தே குரல் வந்தது.

"சாமி, உங்க மந்திரத்துக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனருங்க?"

ஜனங்கள் வலையைப் பிடுங்கினார்கள். பாதாள பீடத்தில் சந்தனம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு வாளி கறுப்பு எண்ணெய், நான்கு காலி டப்பா, நான்கிலும் நபீஸா கடை ஸ்டிக்கர். வனிதா பையிலிருந்து சீல் உடைக்காத ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து, சாமியின் வெள்ளைத் துண்டில் ஊற்றினாள். சிவப்பு.

"நாந்தான் ஊத்துனேன். என்ற கண்ணு முன்னாலதான். கறுக்குலீங்களே?"

சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. வண்டி ஓடியதா இல்லையா என்று கேட்டார். கூட்டம் யோசித்தது. ஓடத்தானே செய்தது? காந்தலூர்க்காரர் ஒருவர், சாமி பொய்யாகவே இருக்கட்டும், எண்ணெய் மாற்ற எவ்வளவு வாங்குகிறார் என்று மெல்ல விசாரித்தார். அதுவும் அரைகுறை மாற்றம்தான். அடியில் இறங்குவது பாதி, உள்ளே நிற்பது பாதி. மேலே ஊற்றிய புது எண்ணெய் கம்பிக் குழாயில் வழிந்துகொண்டிருக்கும்போதே கம்பியை எடுத்துத் துடைத்தால் துணி சிவக்கும். வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வனிதா மறுபடி துடைத்துக் காட்டினாள். சேற்று நிறம். மூன்று வாரத்தில் கண்ணேறு திரும்பி வந்த கதை அதுதான்.

"எண்ணெய மாத்திக் காசு வாங்கியிருந்தா நீங்க மெக்கானிக்குங்க" என்றாள் வனிதா. "கூடவே ஊட்டுல ஒருத்திய வெரட்டச் சொன்னீங்களே, அதுக்கு எந்த எண்ணெய ஊத்திக் கழுவறது?"

சாமி நீட்டிய காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒருவர் பின் ஒருவராக ஓரமாகப் போய் ஃபோனை எடுத்தார்கள். மூணாறு எஸ்டேட் ஜீப்காரர் ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன் சாமி சொன்னபடி பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார், ஜீப்பின் கிளட்ச் நலனுக்காக. "ஏட்டி மாரித்தாய், பொறப்பட்டு வா" என்று தணிந்த குரலில் சொன்னார். "கிளட்ச்சு உன்னால இல்லையாம்." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, வெகுநேரம் ஃபோனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தார்.

தனபால் மறுநாள் பட்டறையில் எண்ணெயை முழுசாக மாற்றினான், ஃபில்டரோடு. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. திங்கட்கிழமை காலை வண்டியைத் துடைத்து, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வனிதா முன்னால் ஏறினாள், கியருக்குப் பக்கத்தில்.

கடவுளைக் கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் பொட்டு வைத்த புத்தகத்தை ஒருமுறை பிரித்துப் படிக்கிற அளவுக்காவது மூளையை வெளியே எடுங்கள். அதற்கும் உறை போட்டு வைத்தால் உள்ளேயே கறுத்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டிக்குக் கடைசியாக எப்போது கியர் எண்ணெய் மாற்றினீர்கள்? உங்கள் வீட்டில் இப்படி ஒரு பழியை யார் தலையில் போட்டார்கள், அவர்களைத் திரும்பக் கூப்பிட்டாயிற்றா? கீழே பதில் எழுதுங்கள். கூப்பிடாதவர்கள் முதலில் கூப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.