ஏழாவது பிரிவில் ஒரு கடல்

மசோதாவில் கடல் இருந்தது. மாநிலத்தில் இல்லை.

சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் அந்த இடத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். ‘கடல் அலை தொடும் இடத்திலிருந்து அரை மைலுக்குள் உள்ள வீடுகளை அகற்றி, நிலத்தை வளர்ச்சிப் பணிக்கு ஒப்படைக்கலாம்’ என்றது ஏழாவது பிரிவு. அந்த மாநிலத்தில் யாருக்காவது கடலைப் பார்க்க ஆசை வந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார வேண்டும்.

"ஐயா, இதுல கடல்னு இருக்குங்க."

உறுப்பினர் கண்ணாடி முன் நின்று மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். "இருந்துட்டுப் போகட்டுமே."

"நமக்குக் கடல் கிடையாதுங்க ஐயா."

உறுப்பினர் சற்று யோசித்தார். "நிச்சயமாவா?"

"வேற ஏதோ மாநிலத்துக்கு எழுதினதை நமக்கு அனுப்பிட்டாங்க போல. அந்தப் பிரிவை அடிச்சிடலாமா?"

சாயம் உதட்டில் இறங்கிவிட்டது. "ஆய்வு மையத்துலேருந்து எழுதி வந்ததுல நீ கை வைக்கிறியா? பக்கத்துத் தொகுதிக்காரர் ஒரு தடவை ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்தாரு. அடுத்த தேர்தல்ல கட்சி அவரையே எடுத்துடுச்சு. இதை ராவெல்லாம் முழிச்சு நானே எழுதினேன்னு பேப்பர்காரங்ககிட்ட வேற சொல்லியிருக்கேன். போய் அவங்களையே கேளு."

உதவியாளர் போனார்.

வாசலில் ‘நடுநிலை ஆய்வு மையம்’ என்று பெரிய பலகை இருந்தது. உள்ளே திரைச்சீலை, கம்பளம், நாற்காலி உறை, தரை துடைக்கிற துணி எல்லாமே ஆளுங்கட்சிக் கொடியின் நிறத்தில் இருந்தன. அந்த மாநிலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், உறுப்பினர்கள் கை தூக்கினார்கள், சட்டம் மட்டும் இந்தக் கட்டடத்திலிருந்து வந்தது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதுகிற சிரமம் மிச்சம்தானே.

நீளமான நடையின் இரு பக்கமும் சாத்திய கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பேச்சுக் குரல் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. நடையின் கோடியில் ஓர் இளம் ஆய்வாளர் கை கட்டி நின்றிருந்தார்.

"ஏழாவது பிரிவா சார்?"

"நான் இன்னும் வாயே திறக்கலையே?"

"உக்காருங்க. டீ ஆறிடப் போகுது."

மேசையில் டீ ஆவி பறக்க இருந்தது. உதவியாளர் ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை. சர்க்கரையை நிறுத்தச் சொல்லி டாக்டர் அவரிடம் சொன்னது முந்தின நாள் சாயங்காலம். மனைவியிடம்கூட அவர் இன்னும் மூச்சு விடவில்லை. உதவியாளர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிரிவை எடுத்துடலாமா?"

"எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க சார். அனுபவஸ்தர் நீங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்களேன்."

இருபது வருஷமாக எடுபிடி வேலை பார்த்தவரிடம் யாரும் வழி கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடல்னா பெரிய நீர்நிலைன்னு விளக்கம் போட்டுடலாம். எங்க ஊர்ல ஏரி இருக்கு, அதுவும் அடங்கிடும்."

"பிரமாதம்" என்றார் ஆய்வாளர். பக்கத்து இயந்திரத்திலிருந்து ஒரு தாள் வந்து விழுந்தது. உதவியாளர் சொன்னதே அச்சாகியிருந்தது. யாரும் எதையும் தட்டச்சு செய்ததாக அவருக்குத் தெரியவில்லை. தாள் சூடாக இருந்தது.

மறுநாள் அவையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "ஏரியில அலை எங்கேருந்துய்யா வரும்?"

அவையே சிரித்தது. உறுப்பினர் திரும்பி உதவியாளரை முறைத்தார். உதவியாளர் அவசரமாக ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். காற்றாலோ படகாலோ வாத்தாலோ நீர் அசைந்தால் அது அலை. உறுப்பினர் அதைக் கம்பீரமாக வாசித்தார். வாத்து என்ற இடத்தில் குரலை உயர்த்தினார்.

எதிர்க்கட்சிக்காரர் விடவில்லை. "கோடையில ஏரி வத்திப்போகுதே. அப்ப எங்கேருந்து அளப்பீங்க?"

மதிய இடைவேளையில் உதவியாளர் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் ஒரு வரி பிறந்தது. ‘நீர் என்றேனும் ஏறி நின்ற உச்சக் கோடு’. அதிலிருந்து அளக்கலாம். அவருக்கே மெய் சிலிர்த்தது. மையம் எழுதியது இல்லை, உறுப்பினர் எழுதியது இல்லை, அவருடைய சொந்தச் சரக்கு.

அப்போது போன் அடித்தது. "அருமையான வரி சார்" என்றார் ஆய்வாளர்.

அந்தத் தாளை உதவியாளர் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. மை காயவில்லை. சுற்றிலும் பார்த்தார். அறையில் அவரும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தார்கள்.

இடைவேளை முடிந்ததும் உறுப்பினர் அதை அவையில் வாசித்தார், வரி மசோதாவில் ஏறியது. சாயங்காலம் உதவியாளர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாக அந்த வரியைச் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நம்ம பொண்ணு பொறந்த வருஷம் ஏரி உடைஞ்சுதே. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

இருவரும் சமையலறைச் சுவரைப் பார்த்தார்கள். எத்தனை முறை வெள்ளையடித்தும் போகாத அந்தப் பழுப்புக் கறை அலமாரியின் மூன்றாவது தட்டுக்கு நேராக ஓடியது.

"அப்ப நாம நடுக்கடல்லதானே நின்னு சமைச்சிட்டிருக்கோம்" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை. இருவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டிய வீடு அது. மாடியில் மகள் வாய்விட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் முதல் ஆளாக மையத்துக்கு ஓடினார்.

"ஏற்கெனவே இருக்கிற வீடுகளுக்கு விலக்குன்னு ஒரு வார்த்தை சேத்துடுங்க."

ஆய்வாளர் சிரித்த முகமாக ஒரு பளபளப்பான புத்தகத்தை நகர்த்தினார். ‘வெளியேறத் துடிக்கும் ஏரிக்கரை மக்கள்: ஓர் ஆய்வு’.

"யார் துடிக்கிறாங்க?"

"உங்க வீட்டம்மாகூட பதில் சொல்லியிருக்காங்களே சார்."

உதவியாளர் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி நினைவுபடுத்திப் பார்த்துச் சொன்னாள். "ஒரு பொண்ணு வந்துச்சுங்க. கொசுத் தொல்லை உண்டான்னு கேட்டுச்சு. உண்டுன்னேன். எப்படா விடியும்னு இருக்குமேன்னுச்சு. ஆமாம்னேன். நல்ல பொண்ணு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போச்சு."

"எப்ப?"

"இருக்கும், ரொம்ப நாளாச்சு. மழைக்கு முன்னாடி."

மசோதா வந்ததே போன வாரம்தான். உதவியாளர் புத்தகத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப என் வரியை எடுத்துடுங்க. அது என்னோடதுதானே."

"அதான் சார் சிக்கல்" என்றார் ஆய்வாளர், நிஜமாகவே வருத்தப்படுகிறவர் போல. "உங்க வரியில நாங்க எப்படிக் கை வைக்கிறது? சட்டம் எழுதற அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளுக்குத்தான். நாங்க வெறும் ஆய்வாளர்கள்."

நடையில் அச்சு இயந்திரங்கள் ஒரே சமயத்தில் நின்றன. உதவியாளர் வெளியே வரும்வரை அவை மறுபடி ஓடவில்லை.

உதவியாளர் உறுப்பினரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். உறுப்பினர் கையை விரித்தார். "நேத்து வரைக்கும் அது உன் வரி. இப்ப மையத்தோட மசோதாவுல இருக்குப்பா. காற்புள்ளிக்காரர் கதை தெரியுமில்ல?"

அன்று மத்தியானம் மேசைகள் தட்டப்பட்டன. மசோதா சட்டமானது. கேள்வி கேட்ட எதிர்க்கட்சிக்காரரை உதவியாளர் தாழ்வாரத்தில் பார்த்தபோது, அவர் கையில் ஆவி பறக்கும் டீயோடு மையத்து ஆய்வாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக் கொல்லையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. உதவியாளர் போய்ப் பார்த்தார். எலுமிச்சை மரத்தடியில் ஒரு பெண் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் எல்லைக்கல் சாய்ந்து கிடந்தது.

"நேத்துதானேம்மா சட்டமாச்சு. அதுக்குள்ள கல்லா?"

"எனக்கென்ன சார் தெரியும். லாரியில ஏத்தி விட்டாங்க, முதல்ல இந்த வீடுன்னாங்க."

கல்லில் பாசி படிந்திருந்தது. உதவியாளர் குனிந்து கட்டைவிரலால் தேய்த்தார். பச்சை உரிந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நீர் என்றேனும் ஏறி நின்ற உச்சக் கோடு.

"இது... இது நான் முந்தாநாள் எழுதினதும்மா. சாப்பிடாம உக்காந்து எழுதினது."

அவள் கடப்பாரையை ஊன்றி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா சார் அது? கல்லு வெட்டி மூணு மழை பாத்தாச்சு, இந்த வரியை எழுதப் போறவரு கிடைச்சப்புறம்தான் நடணும்னு நிறுத்தி வச்சிருந்தாங்க."