ஸ்டெடி எடுத்த ஆந்தைப் படம்

ஒரு ஆந்தையைப் படம் பிடித்து ஹால் சுவரில் மாட்டாவிட்டால் ஸ்டூடியோவை இழுத்துப் பூட்டிவிடுவதாக ஸ்டெடி சபதம் செய்தார். சபதத்தைக் கேட்டது பாத்ரூம் கண்ணாடி மட்டும்தான். மனைவி காதில் விழும்படி சபதம் செய்கிற அளவுக்கு அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஸ்டெடி என்பது தெரு வைத்த பெயர். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவர். வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, முகவாயைப் பிடித்துத் திருப்பி, "ஸ்டெடி... சிரிக்காதீங்க... காது தெரியட்டும்... ஸ்டெடி!" என்று அதட்டுவதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் அரசாங்கக் காகிதங்களில் திருடன் மாதிரி முழிப்பதற்கு அவரே முழுப் பொறுப்பு.

அப்படிப்பட்ட மனுஷன் வீட்டு ஹாலில் இன்னொருத்தன் எடுத்த படம் தொங்கலாமா? தொங்கியது. மீன்கொத்தி, வாயில் மீனோடு. எடுத்தவன் மனைவியின் தம்பி. பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கை நீளத்துக்கு ஒரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு பறவை தேடிக் கிளம்பிவிடுவான். அந்த லென்ஸை முன்னிட்டு ஸ்டெடி அவனுக்கு மனசுக்குள் குழாய் என்று பெயர் வைத்திருந்தார்.

போன தடவை சாப்பிட வந்தபோது குழாய்தான் ஆரம்பித்தான்.

"அத்தான், ஸ்டூல்ல உட்காந்து கொடுக்கற மொகத்தை யாரு வேணா எடுக்கலாம். இந்தப் பக்கம் சின்ன ஆந்தை இருக்காம். உள்ளங்கையில உட்காந்துக்கும், அவ்வளவுதான் உருவம். நானே தேடி அலுத்துட்டேன். அதை நீங்க எடுத்துக் காட்டுங்க, இந்த மீன்கொத்தியை நானே இறக்கி வெச்சிடறேன்."

"அவருக்கு ஆந்தையா?" என்றாள் மனைவி. "அதுக்குக் காது வெளிய தெரியாதேடா. இவரு திருப்பி அனுப்பிடுவாரு!"

அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சபதம் அன்றைக்குப் பிறந்தது.

முதல் விதி, மனைவிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கூட வருவாள். வந்தால் பேசுவாள். பேசினால் பறவை என்ன, மரமே வேறு ஊருக்கு மாற்றல் கேட்கும்.

"டாக்டர் சாயங்காலம் நடக்கச் சொல்லிட்டாரும்மா."

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்."

"பல்லுக்கு எதுக்குங்க நடை?"

"எல்லாம் ரத்த ஓட்டம்தான்!"

"சரி, ஓடிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவருக்கே பயமாக இருந்தது.

தண்ணித் தொட்டிக்குப் பின்னால் கிளை ஒடிந்த ஒரு பெரிய மரம். அதன் அடியில் மறைந்து உட்காருவது என்று திட்டம். காட்டில் படம் எடுப்பவர்கள் பச்சைத் துணி போர்த்திக்கொள்வார்களாம். ஸ்டெடியிடம் இருந்தது ஸ்டூடியோவின் பழைய திரை. பச்சைதான். கூடவே அதில் வரைந்திருந்த ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு பாலம், ரெண்டு அன்னம். மனுஷனே ஏமாந்து அதன் முன்னால் நிற்கிறான், பறவை ஏமாறாதா?

பறவை ஏமாறவில்லை. காக்கா ஒன்று பாலத்தின் மேல் உட்கார்ந்து அவர் மண்டையைக் கொத்திப் பார்த்தது. தெருநாய் ஒன்று மோந்து பார்த்துவிட்டு, நீர்வீழ்ச்சிக்குத் தன்னால் முடிந்த ஒத்தாசையைச் செய்துவிட்டுப் போனது. மேலே மைனாக்கள் காட்டுக்கத்தல் கத்தின. "சனியன்களா, நீங்க கத்தினா ஆந்தை எப்படி வரும்?" என்று திரைக்குள்ளிருந்து பல்லைக் கடித்தார். நாள் தவறாமல் போனார். ஆந்தையின் ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை.

ஒருநாள் ஸ்டூடியோவிலிருந்து வீட்டுக்கு வந்தால் மாடிக் கொடியில் நீர்வீழ்ச்சி காய்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி, கிளிப்பை மாட்டியபடியே. "நடைக்குப் போறவரு எதுக்கு அருவியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறீங்க?"

பொய் சொல்ல வாயைத் திறந்தார். பல் டாக்டரைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டார்.

"உன் தம்பிக்காக மட்டும் இல்லம்மா. இத்தனை வருஷமா மொகமா எடுத்துத் தள்ளியிருக்கேன். எவன் வீட்டு சுவத்துலயாவது நான் எடுத்த படம் தொங்குதா? எல்லாத்தையும் காகிதத்துல ஒட்டி, மூஞ்சி மேலயே சீல் குத்திடறாங்க. ஒண்ணே ஒண்ணு... என் வீட்டு சுவத்துலயாவது தொங்கணும்."

மனைவி மிச்சமிருந்த கிளிப்பையும் மாட்டினாள்.

"நான் காட்டறேன் ஆந்தையை," என்றாள் கடைசியில். "ஆனா ஃப்ளாஷ் போடக்கூடாது. எடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது."

"யாருக்கும்னா?"

"முக்கியமா என் தம்பிக்கு. அந்த மீன்கொத்தி கூடு வெச்ச எடத்தை அவன் ஃபோன்ல எல்லாருக்கும் போட்டான். மறுநாளே ஆளாளுக்குக் குழாயைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுட்டாங்க..."

"நீயும் குழாய்னுதான் சொல்லுவியா!"

"குறுக்கே பேசாதீங்க. பாவம், அது கூட்டையே விட்டுட்டுப் போயிடுச்சு. அந்தப் படத்து முன்னாடி நான் நிக்கறப்பல்லாம் தம்பியை நினைச்சுப் பூரிக்கறேன்னு நினைச்சீங்களாக்கும்?"

அப்படித்தான் நினைத்திருந்தார். நினைத்து நினைத்து வயிறெரிந்தும் இருந்தார். "என் கேமரா மேல சத்தியம், சொல்ல மாட்டேன்," என்றார்.

மறுநாள் வெயில் தாழுமுன்னே கிளம்பினார்கள். தெருமுனை தாண்டியதும் ஸ்டெடி உதட்டில் விரலை வைத்தார். "உஷ்! பேசாம வா."

"நீங்கதான் உஷ்ஷுங்க. நீங்க ஆந்தையைத் தேடறீங்க. நான் சண்டையைத் தேடறேன்."

"என்ன சண்டை?"

"பகல்ல ஆந்தை எங்க தூங்குதோ அங்க மைனா, குருவி எல்லாம் கூடிக்கிட்டுத் திட்டும். அதுங்களுக்கு அவ்வளவு பயம், அவ்வளவு ஆத்திரம். நம்ம தெருவுல எந்த வீட்டு வாசல்ல கூட்டம் கூடிக் கத்துதோ, அந்த வீட்டுக்குள்ளதானே விஷயம் இருக்கும்?"

"இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?"

"துணி காயப்போடறப்ப காதை என்ன கழட்டியா வெச்சிருப்பேன்?"

காதைத் தீட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து நடைமுறை அதுதான். சத்தம் கேட்டது. நாலைந்து மைனாக்கள், ஒரு அணில், வேடிக்கை பார்க்க வந்த ரெண்டு காக்கா. எல்லாம் ஒரே பொந்தைப் பார்த்து வைதுகொண்டிருந்தன.

கிளை ஒடிந்த மரம். அவர் திரையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த அதே மரம். பொந்து, அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே.

"தினமும் உங்களைப் பார்த்து அதுக்கு நல்லாப் பொழுது போயிருக்கும்," என்றாள்.

ஸ்டெடிக்குக் கோபம் வரவில்லை. வர நேரம் இல்லை. பொந்தின் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த மரப்பட்டை சட்டென்று கண் திறந்தது.

அம்மாடி! என்ன கண் அது! முகம் முழுக்கக் கண். மஞ்சள் என்று சொன்னால் பத்தாது, உள்ளே விளக்கு ஏற்றி வைத்த மஞ்சள். மேலே வெள்ளைப் புருவம். பழுப்பு உடம்பு முழுக்க மாவு சலித்துத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. ஒரு பிடி உருவம்தான். அதற்குள் எங்கிருந்து இத்தனை கம்பீரம்? மைனாக்களின் வசவு எதையும் அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து அவரைப் பார்த்தது.

அவர் முன்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் லென்ஸைத்தான் பார்த்தார்கள். ஒருத்தராவது அவரைப் பார்த்ததில்லை. இது பார்த்தது. நீ யார், எதற்கு வந்தாய், உன்னால் எனக்குக் கெடுதலா என்று கேட்கிற பார்வை. கேமரா கழுத்தில் சும்மா தொங்கியது.

ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டியது. பக்கவாட்டில் ஆட்டியது. பழக்க தோஷம், அவர் வாய் தானாக முணுமுணுத்தது: "ஸ்டெடி..."

ஆந்தை நின்றது! ஊரில் ஒரு மனுஷன்கூட முதல் அதட்டலில் நின்றதில்லை.

அதற்குள் உள்ளேயிருந்து இன்னொன்று நெருக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தோளோடு தோள். பொந்துக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு மெல்லிய சத்தம்.

"உள்ள குஞ்சு இருக்குங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள். அவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அவள் கண் கலங்கியிருந்தது. "எடுங்க."

"கை நடுங்குதும்மா."

அவள் மெதுவாக அவர் முன்னால் வந்து நின்றாள். "என் தோள்ல வெச்சு எடுங்க." கேமராவை அவள் தோளில் வைத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆந்தைகள் இரண்டும் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ள வந்தவை மாதிரி நேரே பார்த்தன. க்ளிக்.

படம் ஹாலில் ஏறியது. மீன்கொத்திக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக. ஞாயிற்றுக்கிழமை குழாய் வந்தான். பார்த்தான். செருப்பைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அத்தான்... என்ன அத்தான் இது! நான் சாமான்யமா எதையும் பாராட்ட மாட்டேன். கண்ணைப் பாருங்க. யப்பா! எங்க இருக்கு இது?" கை அதற்குள் பையிலிருந்து ஃபோனை எடுத்துவிட்டது.

ஸ்டெடிக்கு உச்சி குளிர்ந்தது. எத்தனை வருஷத்துத் தாகம்! சத்தியமாவது மண்ணாவது. வாய் தானாகத் திறந்தது. "அதுவா மச்சான், நம்ம தண்ணித்..."

"தண்ணியா? இந்தாங்க!" சமையலறையிலிருந்து பறந்து வந்த மனைவி தம்ளரை அவர் வாயிலேயே வைத்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "அட, நீ வேறடா! நெட்ல இருந்து எடுத்துப் பெருசா ப்ரிண்ட் போட்டு மாட்டிட்டாரு. உன்னை ஜெயிக்கணுமாம், பாவம்."

ஸ்டெடிக்குப் புரையேறியது.

"நெட்டா?" குழாய் சிரிக்க ஆரம்பித்தான். "நெஜமாவா அத்தான்?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். மானம் திரும்பி வந்துவிடும். ஸ்டெடி மனைவியைப் பார்த்தார். அவள் படத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ரெண்டு ஜோடிக் கண்ணும் அவரைத்தான் பார்த்தன. பொந்துக்குள் கேட்ட அந்தக் கரகரச் சத்தம் காதில் கேட்டது.

"ஆமா மச்சான்," என்றார், தண்ணீரோடு சேர்த்து விழுங்கி. "டவுன்லோடு."

"நினைச்சேன்! ஆனா சும்மா சொல்லக்கூடாது அத்தான், எடுத்தவன் பெரிய ஆளு. கை துளி ஆடலை, பாருங்க!"

சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டு, போகிற வழியில் நாலு பேருக்கும் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அவன் போனான்.

"என் மானமே போச்சு!" என்று கத்தினார் ஸ்டெடி. "கேமரா மேல சத்தியம் பண்ணினது நானு. என் சத்தியத்தைக் காப்பாத்த உன்னை யாரு கேட்டா? ஊரு முழுக்க இனிமே என்னைத் திருட்டு ஆந்தைங்கும்!"

மனைவி படத்திலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். கேமராவை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். செருப்பைக் காலில் போட்டுக்கொண்டாள்.

"கத்தாம கிளம்புங்க, வெயில் தாழ்ந்தாச்சு. குஞ்சு எட்டிப் பார்க்கற நேரம். இன்னொண்ணு டவுன்லோடு பண்ணிட்டு வந்துடலாம்."