சன்செட்டுக்குக் கிடைத்த இரண்டரை மணி நேரம்

சூரியனோடு நேருக்கு நேர் தகராறு வைத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் இரும்புக் கம்பி ஆலையில் ஃபிட்டராக இருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் சன்செட். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு சாயங்காலமும் சரியாக முடியவில்லை.

பெயர் வந்த கதை இதுதான். அவருடைய கல்யாணப் பூசையில் ஃபாதர் ஒரு புத்தி சொன்னாராம். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும், வரட்டும், ஆனால் பொழுது சாய்வதற்குள் கோபத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று. கோவிலில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் அன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று விசாரித்தார்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் அந்தக் கணக்குத் தவறவில்லை. மெயின்டனன்ஸ் ஷெட்டின் கரும்பலகையில், பழுது பார்க்க வேண்டிய மெஷின்களின் பட்டியலுக்கு மேலே, தினமும் காலையில் அன்றைய அஸ்தமன நேரத்தை எழுதிவிடுவார். புதிதாக வந்த மானேஜர் ஒருவர் '6.14' என்பதை ஏதோ முக்கியமான அளவு என்று நினைத்து, அது ஏன் நாளுக்கு நாள் குறைகிறது என்று ஒரு மீட்டிங்கே போட்டுவிட்டார். மழைக்காலம் முடிந்தால் தானாக ஏறிவிடும் என்று நாங்கள் சமாதானம் சொன்னோம்.

அவருடைய மனைவி பிலோமினா புதுவாயலில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர், ஆகவே சண்டைக்கும் அதே இரண்டு பேர்தான். அந்த அம்மாள் கெட்டிக்காரி. காரியம் சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சண்டையை ஆரம்பிப்பார். ஒரு மணி நேரத்தில் சன்செட் சரணாகதி. நிதானமாகத் திட்ட வேண்டுமென்றால் விளக்கு வைத்த பிறகு ஆரம்பிப்பார். அப்போது மறுநாள் மாலைவரை அவகாசம் இருக்கிறது அல்லவா. இந்தச் சூட்சுமம் சன்செட்டுக்குப் பத்தாவது வருடம்தான் புரிந்தது.

மேகம் மூடிய நாட்களில் மனிதர் படாத பாடு படுவார். சூரியன் இருக்கிறதா, போய்விட்டதா? இதை அவர் பாவம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்திலேயே கேட்டிருக்கிறார். ஃபாதர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் முழங்கால் போட்டுக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாராம்.

சட்டம் வீட்டோடு நிற்கவில்லை. ஒரு நாள் பேரிங் கேட்டு வந்த சன்செட்டை, மானேஜர் கையெழுத்து இல்லை என்று நான் கொஞ்சம் எரிந்து விழுந்து அனுப்பிவிட்டேன். சரியாக ஆறு மணிக்கு இரண்டு டீயும் மசால் வடையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்து நின்றார். தப்பு என்னுடையது என்றேன். யாருடையதாக இருந்தால் என்ன, டீ ஆறுகிறது என்றார். நானும் என் மனைவியும் ஒரு முறை பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் காலையில் பெரிய சண்டை. பகல் முழுக்க பிலோமினா போனை எடுக்கவில்லை. சூரியன் ரோலிங் ஷெட்டின் கூரைக்குப் பின்னால் இறங்கியதும் சன்செட் ஓடிப்போய் ஓவர்ஹெட் டேங்க் ஏணியில் ஏற ஆரம்பித்துவிட்டார். கீழே செக்யூரிட்டி விசில் ஊதுகிறார். நாங்கள் ஏதோ விபரீதம் என்று பதறிக்கொண்டு போய் நிற்கிறோம். மேலே இருந்து குரல் வருகிறது.

"பயப்படாத சார். கீழதான் பூட்ச்சு. இங்க இன்னும் கீது."

மேற்கே ஆந்திரா மலைப் பக்கம் மிச்சமிருந்த அந்த ஒரு விரல்கடை சூரியனை வைத்துக்கொண்டு அவர் மறுபடி போன் போட்டார். பிலோமினா எடுத்தார். தொட்டி மேல் நிற்கிறேன் என்றதைக் கேட்டதும் அந்த அம்மாள் திட்டிய திட்டு எங்களுக்கே கேட்டது. சன்செட் சந்தோஷமாக இறங்கி வந்தார். சேஃப்டி ஆபீசர் விளக்கம் கேட்டதற்கு 'குடும்ப அவசரம்' என்று எழுதிக் கொடுத்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், பிலோமினாவுக்குக் குவைத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சின்ன வயதிலிருந்து அந்த அம்மாள் கண்ட கனவு. சன்செட் போகாதே என்றார். அவர் போவேன் என்றார். அந்த வாதம் தினமும் மாலையில் முடிந்து மறுநாள் காலையில் மறுபடி துளிர்த்தது. கிளம்புகிற நாளும் வந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு விமானம். சன்செட் ஏர்போர்ட்டுக்குப் போகாமல், கோபத்தோடு டியூட்டிக்கு வந்துவிட்டார்.

அன்று கரும்பலகையில் அவர் நேரம் எழுதவில்லை. மூன்று மணிக்கு மேல் கோபம் வடிந்து, கையில் போனை எடுத்தார். விமானத்தில் இருப்பவருக்கு எப்படி மணி அடிக்கும்? ஆறே காலுக்கு ஏணியில் ஏறினார். இந்த முறை செக்யூரிட்டி விசில் ஊதவில்லை. நாங்கள் எல்லோரும் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். உச்சியிலும் சூரியன் போய்விட்டது. அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, என் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பது வருசம் சார். இன்னிக்கு வுட்டுட்டேன்."

நான் வேதம் படித்தவன் அல்ல, அவர் கோவிலுக்குள் காலெடுத்து வைத்தவனும் அல்ல. ஆனாலும் அந்த நேரத்தில் என் வாயில் அது வந்தது. குவைத்தில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் பொழுது சாயும், உங்கள் மனைவி சூரியன் போகிற திசையிலேயேதான் போய்க்கொண்டிருக்கிறார், அவருக்கு இன்னும் மறையவில்லை என்றேன். சன்செட் நிமிர்ந்தார். அப்படியானால் எந்தச் சூரியன் கணக்கு, என்னுடையதா அவளுடையதா என்று கேட்டார். யாருக்குக் கடைசியில் மறைகிறதோ அவர் கணக்கு என்று தீர்ப்பு சொன்னேன். எந்த ஃபாதரும் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

எட்டே கால் மணிக்கு போன் வந்தது. அவர் முதலில் கேட்டது, போய்ச் சேர்ந்தாயா என்றல்ல.

"சூரியன் கீதா? பாத்து சொல்லு."

கண்ணாடி வழியாகத் தெரிகிறது என்று பிலோமினா சொல்லியிருக்க வேண்டும். சன்செட் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ போனது தப்பு இல்ல பிலோமி. ஏத்தி வுட நான் வராததுதான் தப்பு."

அதற்குமேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை என்று நான் வெளியே போய்விட்டேன். அன்று வீட்டுக்குப் போனதும், நாலு நாளாகப் பேசாமல் இருந்த என் மனைவியிடம் நானாகவே போய்ப் பேசினேன். ஆஸ்பத்திரியில் என் உடம்புக்கு ஏதாவது என்று சொல்லிவிட்டார்களா என்று அவள் பயந்துபோனாள்.

பிறகு இரண்டு வருடம் கரும்பலகையில் இரண்டு நேரம் இருந்தது. ஒன்று நமக்கு, ஒன்று குவைத்துக்கு. ஆனால் அவர்களுக்குள் சண்டையே இல்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வெயில் எப்படி, பரவாயில்லை. விருந்தாளிகள்போலப் பேசிக்கொண்டார்கள். ஊரில் மற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது. சன்செட் இளைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தனியாகப் போய், ஒருவருக்கொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சமாதானம் ஆவறதுக்குச் சண்டை வேணும் சார். சண்டைக்கு ஆளு பக்கத்துல இருக்கணும்."

கடைசியில் அங்கேயே அவருக்கும் ஒரு மெயின்டனன்ஸ் வேலை பிலோமினா பார்த்துக் கொடுத்தார். அதே இரண்டரை மணி விமானம். கிளம்புகிற அன்று காலையில் டூல்ஸை ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கையெழுத்துப் போடத் திரும்பியபோது ஒரு ஸ்பேனரை எடுத்து என் டிராயரில் போட்டு மூடினேன். பிறகு எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே, இத்தனை வருடம் உங்களை நம்பியதற்கு இதுதானா என்று கத்தினேன். சன்செட்டின் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மணிக்கு நான் தொட்டிக்குக் கீழே போய் நின்றேன். கையில் போன். ஆறு இருபதுக்குப் பொழுது சாய்ந்தது. போன் வரவில்லை. மனிதர் சந்தோஷத்தில் மறந்திருப்பார், எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தோசையில் கை வைக்கும்போது போன் அடித்தது. மணி எட்டு இருபத்தைந்து. அவர் விமானத்தில் இருந்ததும், நான் சொன்ன தீர்ப்பும் எனக்கே மறந்துபோயிருந்தன.

"சார், ஸ்பேனரு நான்தான் எங்கியோ வெச்சிட்டேன். தப்பு என்னுதுதான். மனசுல வெச்சிக்காத. இங்க இன்னும் கொஞ்சம் வெயிலு கீது."

பின்னாலிருந்து பிலோமினாவின் குரல், சீக்கிரம் பேசி முடி, இறங்குகிறது என்றது. சரி என்று மட்டும் சொல்ல முடிந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்பேனர் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது. மாலையானால் அதை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு, சன்செட்டிடம் அடுத்து எதற்குக் கோபித்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.